நெஸ்ட்: ஃபாஸ்டிஃபைக்கு மாறிய பிறகு வெப்ஹூக் சிக்னேச்சர் சில ஆர்டர்களுக்கு மட்டும் பொருந்தவில்லை

கடலோரக்கோடு

வணக்கம். எக்ஸ்பிரஸ் அடாப்டரில் ஓடிக்கொண்டிருந்த நெஸ்ட்ஜேஎஸ் (நோட்.ஜேஎஸ் சர்வர் ஃப்ரேம்வொர்க்) புராஜெக்ட் ஒன்றை ஃபாஸ்டிஃபை அடாப்டருக்கு மாற்றினோம். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் ஒரு வரிகூட மாறாமல் ஓடுகின்றன. லோ-லெவல் ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் ஆப்ஜெக்ட்டுகளை நேரடியாகத் தொட்ட இரண்டு இடங்களில்தான் தகராறு.

முதலாவது, பேமென்ட் கேட்வேயின் வெப்ஹூக். பணம் வந்ததும் அவர்கள் ஒரு போஸ்ட் அனுப்புவார்கள், ஹெடரில் ஹெச்மேக் ஷா-256 சிக்னேச்சர் (பாடியின் பைட்டுகளையும் இருவருக்கும் தெரிந்த ரகசியக் குறியீட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முத்திரை) இருக்கும். பழைய கோடில் எக்ஸ்பிரஸின் ஜேசான் பார்சருக்கு 'வெரிஃபை' என்று ஒரு ஃபங்ஷன் கொடுத்து, அதில் கிடைக்கும் பஃபரை ரிக்வெஸ்ட்டிலேயே மாட்டிவைத்திருந்தோம். ஃபாஸ்டிஃபையில் அந்த வசதி அப்படியே இல்லை. அதனால் இப்போதைக்கு, பார்ஸ் ஆகி வரும் பாடியை மறுபடி ஸ்ட்ரிங்கிஃபை செய்து (ஜேசான் எழுத்தாக்கி) அதன் மேல் ஹெச்மேக் போடுகிறோம். டெஸ்ட் எல்லாம் பாஸ். புரொடக்‌ஷனில் பெரும்பாலான ஆர்டர்கள் சரியாகப் போகின்றன, சில மட்டும் 401 (அங்கீகாரம் மறுப்பு). கேட்வே திரும்பத் திரும்ப அனுப்பினாலும் அதே ஆர்டர்களுக்கு அதே 401.

இரண்டாவது, ஆர்டர் நிலவரத்தைக் காட்டும் எஸ்எஸ்இ (சர்வர் தானே தொடர்ந்து செய்தி அனுப்பும் முறை) ரூட். ரெஸ்பான்ஸின் ரா ஆப்ஜெக்ட்டை எடுத்து ரைட்ஹெட், ரைட் என்று நாங்களே எழுதுகிறோம். ப்ரவுசர் கார்ஸ் (வேறு தளத்திலிருந்து வரும் அழைப்புக்கான அனுமதி) பிழை என்கிறது. கார்ஸ் பிளகின் போட்டிருக்கிறோம், மற்ற எல்லா ரூட்டிலும் அந்த ஹெடர் வருகிறது. இதில் மட்டும் காணோம்.

எங்கள் சீனியர் "ஃப்ரேம்வொர்க்கைத் தாண்டி உள்ளே கை விடவே கூடாது, விட்டால் இப்படித்தான்" என்கிறார். விடாமல் இந்த இரண்டையும் செய்ய முடியுமா?

சர்வர்சாமி

401 வாங்கும் ஆர்டர்களில் வாடிக்கையாளர் பெயரோ முகவரியோ தமிழில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடலோரக்கோடு

சாமி, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தமிழில் பெயர் இருக்கும் எல்லா ஆர்டரும் தோற்கிறது. ஆனால் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் சிலவும் தோற்கின்றன. அவற்றில் ஒன்றின் முகவரி: பழைய எண் 12/4, புதிய எண் 27, ஏதோ தெரு, சென்னை. இதுவும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்திருக்கிறார்கள். இதில் தமிழே இல்லையே.

சர்வர்சாமி

அந்த 12/4 தான் வினை. உங்கள் கேட்வேயின் அந்தப் பக்கம் பிஹெச்பி ஓடுகிறது என்று பந்தயம் கட்டுவேன்.

பிஹெச்பியின் ஜேசான் என்கோட் ஃபங்ஷன், தனியாக எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு வேலை செய்யும். ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்தையெல்லாம் பின்சாய்வுக்கோடு, யூ, நான்கு ஹெக்ஸ் இலக்கம் என்று மாற்றும். 'அ' என்றால் யூ 0பி85. அடுத்து, முன்சாய்வுக்கோடு எங்கே வந்தாலும் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோட்டைச் சேர்க்கும். இரண்டும் சட்டப்படி சரியான ஜேசான்தான். ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்ஸ் இரண்டையும் ஒழுங்காகப் படித்து 'அ' என்றும் '/' என்றும் தரும். ஆனால் திரும்ப ஸ்ட்ரிங்கிஃபை செய்தால் அது 'அ'-வை யூடிஎஃப்-8 எழுத்தாகவே விடும், சாய்வுக்கோட்டை எஸ்கேப் செய்யாது. அர்த்தம் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. ஹெச்மேக் போடுவது பைட்டுகளின் மேல்தான், அதற்கு அர்த்தமெல்லாம் தெரியாது. அரைத்த மாவிலிருந்து பழைய அரிசியை எடுக்க முடியாது.

பைத்தானாக இருக்க வாய்ப்பு குறைவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதன் ஜேசான் டம்ப்ஸ் இயல்பாகவே காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் பின்னால் ஒரு இடைவெளி விடும். அப்படியிருந்தால் உங்களுக்கு ஒரு ஆர்டர்கூடத் தேறியிருக்காது, முதல் நாளே தெரிந்திருக்கும். பிஹெச்பி இடைவெளி விடாது, ஸ்ட்ரிங்கிஃபையும் விடாது. அதனால்தான் வெறும் ஆங்கிலமும் எண்ணும் இருக்கும் பேலோடு தற்செயலாகப் பொருந்துகிறது. உங்கள் டெஸ்ட் டேட்டாவில் இருப்பவர் ஒரு 'டெஸ்ட் யூசர்' தானே?

எஸ்கேப் மட்டும் பிரச்சினை என்று நினைத்து அதைச் சரிக்கட்டும் ஃபங்ஷன் ஒன்றை எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். தொகை 100.0 என்று வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் 100 என்று திருப்பித் தரும். இரண்டின் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய ஐடி எண்ணாக வந்தால் கடைசி இலக்கங்களே மாறிவிடும். கீ எல்லாம் முழு எண்ணாக இருந்தால் வந்த வரிசை போய் ஏறுவரிசை ஆகிவிடும். ஒவ்வொன்றாக எவ்வளவு அடைப்பீர்கள்? வந்த பைட்டுகளை வந்தபடியே எடுங்கள்.

நெஸ்ட்டில் அதற்கு நேர்வழியே இருக்கிறது. ஆப்பை உருவாக்கும் இடத்தில், நெஸ்ட்ஃபேக்டரியின் கிரியேட்டுக்குக் கொடுக்கும் ஆப்ஷனில் ராபாடி என்பதை ட்ரூ என்று வையுங்கள். எக்ஸ்பிரஸ், ஃபாஸ்டிஃபை இரண்டு அடாப்டரிலும் வேலை செய்யும். கன்ட்ரோலரில் ரெக் டெக்கரேட்டர் போட்டு ரிக்வெஸ்ட்டை வாங்கி, அதன் ராபாடியை எடுத்தால் பஃபர் கிடைக்கும். டைப்ஸ்கிரிப்ட்டுக்காக ராபாடிரிக்வெஸ்ட் என்ற டைப்பும் இருக்கிறது. ஒரே நிபந்தனை, நெஸ்ட்டின் சொந்த பாடி பார்சரை அணைத்திருக்கக் கூடாது. சில பழைய கோடில் அதை ஃபால்ஸ் என்று வைத்துவிட்டு சொந்தமாக ஒன்றை மாட்டியிருப்பார்கள். அங்கே ராபாடி வராது.

பழைய_பைதான்

இது நோடுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. பைத்தானின் ஜாங்கோவில் ரிக்வெஸ்ட்டின் ஸ்ட்ரீமை ஒரு தடவை நேரடியாகப் படித்துவிட்டு அப்புறம் பாடியைக் கேட்டால், ஸ்ட்ரீமைப் படித்த பிறகு பாடியைத் தொட முடியாது என்று எக்ஸெப்ஷன் வரும். ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க் போட்டவர்கள் இதில் அதிகம் மாட்டுவார்கள். ரிக்வெஸ்ட்டின் டேட்டாவைத் தொட்ட மாத்திரத்தில் பார்சர் ஸ்ட்ரீமைக் காலி செய்திருக்கும், உள்ளே இருக்கும் ஜாங்கோ ரிக்வெஸ்ட்டை எட்டிப் பிடித்து பாடியைக் கேட்டால் எக்ஸெப்ஷன்தான். வரிசையை மாற்றினால் போதும். முதலில் பாடி, பிறகு டேட்டா. ஜாங்கோ பாடியை நினைவில் வைத்துக்கொண்டு பார்சருக்கும் அதையே கொடுக்கும்.

ஃப்ளாஸ்கிலும் கெட்டேட்டாவை முதலில் கூப்பிடுங்கள். ஃபார்ம் பார்ஸ் ஆன பிறகு கூப்பிட்டால் காலி பைட்ஸ் வரும், எக்ஸெப்ஷன்கூட வராது. அது இன்னும் மோசம்.

டாம்கேட்_வாசி

ஜாவா பக்கம் சர்வ்லெட் ரிக்வெஸ்ட்டின் இன்புட்ஸ்ட்ரீமும் ஒரு தடவைதான். கெட்இன்புட்ஸ்ட்ரீம் கூப்பிட்டுவிட்டு கெட்ரீடர் கூப்பிட்டால் இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன்.

ஸ்ப்ரிங்கில் கன்டென்ட்கேச்சிங் ராப்பர் இருக்கிறதே, அதைச் சுற்றினால் போதும் என்று எல்லா வலைப்பக்கமும் சொல்லும். சுற்றிவிட்டு ஃபில்டரிலேயே பைட் அரேயைக் கேட்டால் காலியாக இருக்கும். காரணம், அது முன்கூட்டிப் படித்து வைப்பதில்லை. வேறு யாராவது படிக்கும்போது கூடவே ஒரு பிரதி எடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். டூஃபில்டருக்குப் பின்னால் லாக் எழுத அது நல்லது. சிக்னேச்சர் சரிபார்ப்பதோ டூஃபில்டருக்கு முன்னால். அதற்கு நாமே முழுதாகப் படித்து, அதே பைட்டுகளைத் திரும்பத் தரும் ராப்பர் ஒன்றை எழுத வேண்டும். அல்லது கன்ட்ரோலரிலேயே பைட் அரேயாக பாடியை வாங்கி, சரிபார்த்த பிறகு நாமே ஜாக்சன் என்ற ஜேசான் பார்சரிடம் கொடுக்கலாம். எனக்குப் பின்னது பிடிக்கும். வெப்ஹூக் ரூட் ஒன்றோ இரண்டோதானே.

கடலோரக்கோடு

ராபாடி ஆப்ஷன் போட்டு கன்ட்ரோலரில் சோதித்தேன். 12/4 ஆர்டர் பாஸ், தமிழ்ப் பெயரும் பாஸ். சாமிக்கு ஒரு ஃபில்டர் காபி கடன்.

ஆனால் சிக்னேச்சர் சோதனையைக் கன்ட்ரோலரில் வைக்க மனமில்லாமல் நெஸ்ட் மிடில்வேருக்கு நகர்த்தினேன். அங்கே ராபாடியும் இல்லை, பாடியும் இல்லை. எக்ஸ்பிரஸில் இருந்தபோது மிடில்வேரில் பாடி கிடைத்ததே?

கம்பளிப்பூச்சி

ஃபாஸ்டிஃபை அடாப்டரில் மிடில்வேருக்கு வருவது ஃபாஸ்டிஃபையின் ரிக்வெஸ்ட்டே அல்ல. நோடின் சொந்த இன்கமிங்மெசேஜ். பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடுவோம். கன்ட்ரோலரிலும், அதற்கு முன் அனுமதி சரிபார்க்கும் கார்டிலும் (guard) உங்கள் கைக்கு வருவது ஃபாஸ்டிஃபை ரிக்வெஸ்ட், அதன் ரா என்ற ப்ராப்பர்ட்டிக்குள்தான் இந்த இன்கமிங்மெசேஜ் உட்கார்ந்திருக்கும்.

காரணம், ஃபாஸ்டிஃபைக்கு எக்ஸ்பிரஸ் பாணி மிடில்வேர் என்பதே இயல்பில் கிடையாது. மிடி என்ற பிளகின் அதைப் பொய்யாக நடித்துக் காட்டுகிறது. அது ஓடுவது ஆன்ரிக்வெஸ்ட் கட்டத்தில், அதாவது பாடியை யாரும் படிப்பதற்கு முன்னால். எக்ஸ்பிரஸ் அடாப்டரில் நெஸ்ட் பாடி பார்சரை உங்கள் மிடில்வேருக்கு முன்பே மாட்டிவிடும், அதனால் அங்கே கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. 'சரி, இன்கமிங்மெசேஜ்தானே, டேட்டா ஈவென்ட்டைக் கேட்டு நானே படித்துக்கொள்கிறேன்' என்று மிடில்வேரில் ஸ்ட்ரீமைக் குடித்துவிடாதீர்கள். பின்னால் வரும் ஃபாஸ்டிஃபை பார்சருக்கு ஒன்றும் மிஞ்சாது. பிழைச் செய்தி எதுவும் வராமல் ரிக்வெஸ்ட் அப்படியே தொங்கும்.

சோதனையை கார்டுக்கு நகர்த்துங்கள். கார்டு ஓடும்போது பாடி படித்து முடிந்திருக்கும், ராபாடி கையில் இருக்கும், தோற்றால் அங்கேயே 401. ரூட்டுக்கு மேல் ஒரு டெக்கரேட்டர் போட்டால் முடிந்தது.

சர்வர்சாமி

கார்டு எழுதும்போது இன்னொன்று. ஒப்பிட சமக்குறி போடாமல் கிரிப்டோவின் டைமிங்சேஃப்ஈக்வல் போடுவீர்கள், நல்லது. ஆனால் இரண்டு பஃபரின் நீளமும் ஒன்றாக இல்லாவிட்டால் அது ஃபால்ஸ் தராது, எக்ஸெப்ஷன் எறியும். யாரோ குப்பை ஹெடர் அனுப்பினால் 401-க்குப் பதில் 500 போகும். முதலில் நீளத்தைப் பாருங்கள். கிட்ஹப் மாதிரி சிலர் சிக்னேச்சருக்கு முன்னால் 'ஷா256=' என்று ஒட்டு போட்டு அனுப்புவார்கள், அதை வெட்டாமல் ஒப்பிட்டாலும் இதே கதிதான். ஸ்ட்ரைப் வேறு மாதிரி: நேரமுத்திரை, ஒரு புள்ளி, அப்புறம் ரா பாடி, மூன்றையும் சேர்த்துத்தான் ஹெச்மேக். எந்தக் கேட்வே என்றாலும் அவர்களுடைய ஆவணத்தில் எதன் மேல் கையெழுத்திடுகிறார்கள் என்ற வரியை மட்டும் எழுத்தெண்ணிப் படியுங்கள்.

நேர்வழி

இழை முழுக்கப் படித்தேன். கடலோரக்கோடின் சீனியர் சொன்னது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அடாப்டர் மாற்றும்போது உடைந்தவை எவை? லோ-லெவல் ஆப்ஜெக்ட்டைத் தொட்ட இரண்டு இடங்கள். தொடாதவை எல்லாம் ஓடுகின்றன. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? நெஸ்ட்டிலேயே ரெஸ் டெக்கரேட்டரைப் போட்டால் அந்த ஹேண்ட்லரில் நெஸ்ட் கையைத் தூக்கிவிடும். நீங்கள் சென்ட் கூப்பிடும் வரை ப்ரவுசர் காத்துக்கொண்டே இருக்கும். ஹெச்டிடிபிகோட், ஹெடர் டெக்கரேட்டர்கள் செல்லாது. ரெஸ்பான்ஸை மாற்றும் இன்டர்செப்டர்களும் செல்லாது. யூனிட் டெஸ்டில் ஒரு போலி ரெஸ்பான்ஸை நீங்களே கட்ட வேண்டும். ஒரு குக்கி வைப்பதற்காக இதையெல்லாம் இழப்பதா?

அடிமட்டம்

குக்கிக்கு மட்டும் என்றால் ரெஸ் டெக்கரேட்டருக்குள் பாஸ்த்ரூ ட்ரூ என்று கொடுத்தால் போதும். குக்கியை வைத்துவிட்டு வழக்கம்போல் ரிட்டர்ன் செய்யலாம், நெஸ்ட் தன் வேலையைத் தொடரும். அதைக்கூடச் சொல்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

ஃப்ரேம்வொர்க் தருவதெல்லாம் யாரோ நமக்காகத் தேர்ந்தெடுத்துச் சுருக்கிய ஒரு காட்சி. நோடில் ஹெடர்ஸ் என்று கேட்டால் பெயரெல்லாம் சின்ன எழுத்தாகி, ஒரே ஹெடர் இரண்டு தடவை வந்திருந்தால் காற்புள்ளி போட்டு ஒட்டி வரும். கன்டென்ட்-டைப் மாதிரி சிலவற்றில் இரண்டாவதைத் தூக்கியே போட்டுவிடும். உண்மையில் என்ன வந்தது என்று பார்க்க ராஹெடர்ஸ் இருக்கிறது. யாரோ ஒருவருடைய ப்ராக்ஸி ஒரு ஹெடரை இரண்டு தடவை அனுப்புகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு அதுதான் உதவியது. அடியில் இருப்பதுதான் நிஜம்.

தென்னங்கீற்று

அடியில் இருப்பது எப்போதும் நிஜம் என்று சொல்ல முடியாது, அடிமட்டம் அண்ணா. சாக்கெட்டின் ரிமோட்அட்ரஸைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் சர்வரில் எல்லா வாடிக்கையாளரும் 127.0.0.1-இலிருந்துதான் வருகிறார்கள், ஏனென்றால் முன்னால் என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸி நிற்கிறது. அங்கே ஃப்ரேம்வொர்க்கின் ட்ரஸ்ட்ப்ராக்ஸியைச் சரியாக அமைத்து அதன் ஐபியைக் கேட்பதுதான் சரி. அதையும் கண்ணை மூடிக்கொண்டு ட்ரூ என்று வைத்தால் எவர் வேண்டுமானாலும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் இஷ்டப்பட்ட முகவரியை எழுதி அனுப்பலாம். நம் ப்ராக்ஸியின் முகவரியை மட்டும் கொடுக்க வேண்டும்.

கம்பளிப்பூச்சி

நேர்வழியும் அடிமட்டமும் படிப்பதையும் எழுதுவதையும் சேர்த்துப் பேசுகிறீர்கள், அதனால்தான் முடிவில்லாமல் போகிறது. ரா பஃபரை, ராஹெடர்ஸை, சாக்கெட்டைப் பார்ப்பதால் ஃப்ரேம்வொர்க்குக்கு ஒரு கேடும் இல்லை. ஸ்ட்ரீமைக் குடித்துவிடாமல் இருந்தால் போதும். ரெஸ்பான்ஸ் பக்கம் ராவாக எழுதுவது வேறு. ஹெடர் அனுப்புவது, பிழையை 500 ஆக்குவது, லாக், கம்ப்ரஷன், கனெக்‌ஷன் போனால் துடைப்பது எல்லாம் அந்த நொடியிலிருந்து உங்கள் தலையில்.

கடலோரக்கோடின் இரண்டாவது கேள்வியே இதற்கு உதாரணம். யாரும் அதற்குப் பதில் சொல்லாமல் கட்சி கட்டிவிட்டீர்கள்.

எக்ஸ்பிரஸில் ரெஸ் என்பது நோடின் சர்வர்ரெஸ்பான்ஸேதான், ப்ரோட்டோடைப்பை நீட்டிக் கொஞ்சம் வசதி சேர்த்திருக்கிறார்கள். கார்ஸ் மிடில்வேர் ஒரு ஹெடரை வைத்தால் அது நேராக நோடின் ஆப்ஜெக்ட்டில் போய் உட்கார்ந்துவிடும். பின்னால் நீங்கள் ரைட்ஹெட் கூப்பிட்டாலும் அதுவும் சேர்ந்தே போகும். ஃபாஸ்டிஃபை அப்படி இல்லை. ரிப்ளை என்பது தனி ஆப்ஜெக்ட். ஹெடர்களைத் தன் கையிலேயே வைத்திருந்து, சென்ட் செய்யும் தருணத்தில்தான் நோடின் ரெஸ்பான்ஸுக்கு எழுதும். கார்ஸ் பிளகின் ஒழுங்காக ஹெடரை வைத்தது, ரிப்ளையில். நீங்கள் ரிப்ளையின் ராவை எடுத்து ரைட்ஹெட் எழுதினீர்கள். ரிப்ளையில் இருந்தது ரிப்ளையிலேயே தங்கிவிட்டது. கார்ஸ் மட்டுமில்லை, ரிப்ளையில் வைத்த மற்ற ஹெடர்கள், செஷன் குக்கி எல்லாம் அந்த ரூட்டில் போயிருக்காது. ப்ரவுசர் கத்தியதால் கார்ஸ் மட்டும் கண்ணில் பட்டது.

ராவாகவே எழுத வேண்டுமென்றால் ரிப்ளையின் கெட்ஹெடர்ஸ் தருவதை எடுத்து உங்கள் ஹெடர்களோடு சேர்த்து ரைட்ஹெட்டில் கொடுங்கள். அதற்கு முன் ரிப்ளையின் ஹைஜாக்கைக் கூப்பிடுங்கள். இனி இந்த ரெஸ்பான்ஸ் என் பொறுப்பு என்று ஃபாஸ்டிஃபைக்குச் சொல்வது அது. சொல்லாவிட்டால் உங்கள் அசிங்க் ஹேண்ட்லர் ஒன்றும் தராமல் முடியும்போது ஃபாஸ்டிஃபை குழம்பலாம்.

ஆனால் ராவே வேண்டாம் என்பேன். ஒரு ரீடபிள் ஸ்ட்ரீமை உருவாக்கி, கன்டென்ட்-டைப் வைத்து, ரிப்ளையின் சென்டுக்கு அந்த ஸ்ட்ரீமையே கொடுங்கள். ஹெடர் எல்லாம் தானாகப் போகும், ஹூக் எல்லாம் ஓடும். நெஸ்ட்டுக்குள் இருப்பதால் இன்னும் சுலபம்: எஸ்எஸ்இ டெக்கரேட்டர் போட்டு அப்சர்வபிள் ஒன்றை ரிட்டர்ன் செய்தால் போதும். ஆர்டர் நிலவரத்துக்கு அதற்கு மேல் என்ன தேவை?

கடலோரக்கோடு

எஸ்எஸ்இ டெக்கரேட்டருக்கு மாற்றினேன். அறுபது வரி கோடு பதினைந்து ஆனது. கார்ஸ் வந்துவிட்டது. சீனியரிடம் காட்டினால் "நான்தான் சொன்னேனே" என்கிறார், வெப்ஹூக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நேர்வழி

உங்கள் சீனியருக்கு என் வாழ்த்து. கம்பளிப்பூச்சியின் பிரிப்பை ஏற்கிறேன், ஆனால் படிப்பதிலும் ஒரு செலவு உண்டு. ராபாடி ட்ரூ என்றால் வெப்ஹூக்குக்கு மட்டுமல்ல, எல்லா ரூட்டுக்கும் பஃபர் மெமரியில் நிற்கும். பார்ஸ் ஆன ஆப்ஜெக்ட் ஒன்று, மூலம் ஒன்று.

சர்வர்சாமி

உண்மைதான், ஆனால் ஃபாஸ்டிஃபையின் இயல்பான பாடி வரம்பே 1 மெபிபைட், எக்ஸ்பிரஸில் 100 கிலோபைட். அதைத் தாண்டி வரம்பை உயர்த்திய ரூட் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். நெஸ்ட் இல்லாமல் வெறும் ஃபாஸ்டிஃபை என்றால் இது அழகாக முடியும். வெப்ஹூக் ரூட்டைத் தனி பிளகினுக்குள் வைத்து, அதற்குள் மட்டும் ஜேசானுக்கு ஒரு கன்டென்ட்-டைப் பார்சரைச் சேர்த்து, பஃபராக வாங்கிக்கொள்ளலாம். பார்சர் அந்த பிளகினை விட்டு வெளியே கசியாது.

டீக்கடை_டெவ்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதே ஜாதி. எங்களுடையது வெறும் எக்ஸ்பிரஸ். சாட் உதவியாளர் ஒன்று, பதிலைச் சொல் சொல்லாக ஸ்ட்ரீம் செய்கிறோம். ஈவென்ட்சோர்ஸ் கெட் மட்டும்தான் அனுப்பும், சொந்த ஹெடரும் வைக்க விடாது. அதனால் ஃபெட்ச்சில் போஸ்ட் அனுப்பி ரெஸ்பான்ஸை ஸ்ட்ரீமாகப் படிக்கிறோம். பயனர் பக்கத்தை மூடினால் நிறுத்தலாம் என்று ரிக்வெஸ்ட்டின் 'கிளோஸ்' ஈவென்ட்டைக் கேட்டோம். பயனர் மூடாமலேயே, முதல் சொல் போவதற்குள் கிளோஸ் வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. பழைய நோடில் நன்றாக ஓடிய கோடு.

கம்பளிப்பூச்சி

நோடு 16-இல் மாறியது அது. முன்பு ரிக்வெஸ்ட்டின் கிளோஸ், சாக்கெட் மூடும்போது வந்தது. 16 முதல் ரிக்வெஸ்ட் முடிந்தாலே வரும். போஸ்ட்டில் பாடி பார்சர் பாடியைப் படித்து முடித்த உடனே ரிக்வெஸ்ட் முடிந்ததாகக் கணக்கு. பயனர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார், தம்பி. கெட்டில் படிக்க பாடி இல்லாததால் பலருக்கு இது தெரியாமலே போய்விடும்.

ரெஸ்பான்ஸின் கிளோஸைக் கேளுங்கள். அது வந்தபோது ரைட்டபிள்ஃபினிஷ்ட் ஃபால்ஸ் என்றால் முடிக்கும் முன்பே ஆள் போய்விட்டார். ட்ரூ என்றால் நாம் ஒழுங்காக முடித்தோம்.

டீக்கடை_டெவ்

ஆச்சு, நன்றி. லோக்கலில் சொல் சொல்லாக வருகிறது. சர்வரில் ஏற்றினால் மொத்தமும் கடைசியில் ஒரே மொத்தையாக வருகிறது. ஃப்ளஷ்ஹெடர்ஸ் போட்டும் மாற்றமில்லை.

தென்னங்கீற்று

இரண்டு இடம் பாருங்கள். கம்ப்ரஷன் மிடில்வேர் இருந்தால் அது சுருக்குவதற்காகப் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொரு ரைட்டுக்குப் பின்னும் அந்த மிடில்வேர் சேர்த்துக் கொடுக்கும் ஃப்ளஷ்ஷைக் கூப்பிட வேண்டும், அல்லது அந்த ரூட்டுக்கு மட்டும் கம்ப்ரஷனை விலக்க வேண்டும். அடுத்தது என்ஜின்எக்ஸ். அது ரெஸ்பான்ஸைத் தன் பஃபரில் சேர்த்துத்தான் அனுப்பும். எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் என்ற ஹெடரை 'நோ' என்று வைத்தால் அந்த ரெஸ்பான்ஸுக்கு மட்டும் விட்டுவிடும். கூடவே, அப்ஸ்ட்ரீமிலிருந்து 60 விநாடி ஒன்றும் வராவிட்டால் அது தானே துண்டித்துவிடும், ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்டின் இயல்பான அளவு அது. எஸ்எஸ்இ வடிவத்தில் முக்காற்புள்ளியில் தொடங்கும் வரியை ப்ரவுசர் கண்டுகொள்ளாது. பேச ஒன்றும் இல்லாதபோது அப்படியொரு வெற்று வரியை அவ்வப்போது தட்டிவிடுங்கள்.

அடிமட்டம்

கோ (Go) மொழியிலும் இதே கூத்து உண்டு. அங்கே ரெஸ்பான்ஸ்ரைட்டர் லோ-லெவலாகத்தான் கைக்கு வரும், ஒளிக்க ஃப்ரேம்வொர்க்கே இல்லை. ஆனால் ஸ்டேட்டஸ் கோடை லாக் செய்ய யாராவது ஒரு மிடில்வேரில் அதைச் சுற்றிவைத்திருப்பார்கள். சுற்றிய உடனே அதன் ஃப்ளஷர் மறைந்துவிடும், ஸ்ட்ரீமிங் ஹேண்ட்லர் 'இதற்கு ஃப்ளஷ் தெரியாது' என்று கைவிரிக்கும். கோ 1.20-இல் ரெஸ்பான்ஸ்கன்ட்ரோலர் கொண்டுவந்தது இதற்காகத்தான். சுற்றியவர் அன்ராப் என்ற ஒரு மெத்தடை எழுதி வைத்தால் அது உள்ளே போய் அசலைத் தேடிப் பிடிக்கும். ஆக, தம்பி நேர்வழி, ஃப்ரேம்வொர்க் இல்லாத ஊரிலும் அடியைத் தொட வழி கேட்கத்தான் செய்கிறார்கள்.

நேர்வழி

வழி கேட்டு, முறையான கதவு ஒன்றை வாங்கினார்கள். நான் சொல்வதும் அதுதான். ராபாடியும் பாஸ்த்ரூவும் கதவுகள். ரிப்ளையின் ராவில் ரைட்ஹெட் எழுதுவது சுவர் ஏறிக் குதிப்பது.

கடலோரக்கோடு

இன்னொரு சந்தேகம், இதோடு இழையை விட்டுவிடுகிறேன். இனி இந்தச் சோதனை மறுபடி உடையாமலிருக்க, தமிழ்ப் பெயரும் 12/4-உம் உள்ள உண்மையான வெப்ஹூக் ஒன்றை டெஸ்ட் டேட்டாவாக வைக்க நினைத்தேன். பெயரையும் முகவரியையும் கற்பனையாக மாற்றி, எங்கள் டெஸ்ட் ரகசியக் குறியீட்டால் சிக்னேச்சர் போட்டு, பாடியை ஒரு ஜேசான் ஃபைலில் சேமித்தேன். என் மெஷினில் பாஸ். கமிட் செய்து சிஐ-யில் (டெஸ்ட்டைத் தானாக ஓட்டும் சர்வரில்) ஓடினால் பொருந்தவில்லை. கோடு ஒன்றுதான், ஃபைலும் ஒன்றுதான்.

சர்வர்சாமி

கோடை அழகுபடுத்தும் ப்ரெட்டியர் கமிட் ஹூக்கில் ஓடுகிறதா?

கடலோரக்கோடு

ஓடுகிறது. பார்த்துவிட்டேன். ஒரே வரியில் இருந்த ஜேசானை இடைவெளி விட்டு, வரி பிரித்து அழகாக்கி வைத்திருக்கிறது.

சர்வர்சாமி

ஃபைலின் எக்ஸ்டென்ஷனை 'பின்' (.bin) என்று மாற்றுங்கள், ப்ரெட்டியர் தொடாது. கிட் ஆட்ரிப்யூட்ஸில் அதை பைனரி என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸில் செக்அவுட் செய்பவருக்கு வரி முடிவுகள் மாறலாம். எடிட்டரில் திறந்து சேமிக்காதீர்கள், பல எடிட்டர்கள் கடைசியில் ஒரு புதுவரியைச் சேர்த்துவிடும், அந்த ஒரு பைட் போதும். கர்ல் வைத்துக் கையால் அனுப்பிப் பார்ப்பதென்றால் வெறும் டேட்டா ஆப்ஷன் வேண்டாம், ஃபைலிலிருந்து படிக்கும்போது அது புதுவரிகளை உருவிவிடும். டேட்டா-பைனரி போடுங்கள். சந்தேகம் வந்தால் ஃபைலின் அளவையும் சர்வர் லாக்கில் உள்ள கன்டென்ட்-லெங்த்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடலோரக்கோடு

'பின்' ஆக்கினேன், டெஸ்ட் பச்சை. காபிக் கடன் இரண்டாகிவிட்டது.